கோழிக்கூட்டில் செத்த தொரை

எனக்கு மூச்சு வாங்கியது என்பதற்காக ஒரு வெள்ளைக்காரத் தொரையைச் சாகடித்திருக்கிறேன். அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை என்பது என் குற்றத்தைக் குறைக்காது. ஆயுள் முழுக்க ஹட்டனில் பிள்ளைகளுக்குச் சரித்திரம் படிப்பித்தவன் நான். விடைத்தாளில் கதை விட்டவர்களை எழுப்பி நிறுத்தி வைத்தவன். ஓய்வு பெற்ற பிறகு நானே கதை விட்டேன். அதுவும் பெற்ற மகளின் பிழைப்பில்.

என் மகள் கவிதா நுவரெலியாவில் பார்த்த ஹோட்டல் வேலையை விட்டுவிட்டு, கிரவல் சைக்கிள்கள் வாங்கி, சுற்றுலா வருகிறவர்களைத் தேயிலைத் தோட்டத்து ரோட்டில் கூட்டிப்போகும் தொழில் தொடங்கியிருந்தாள். (கிரவல் சைக்கிள் பார்வைக்கு ரேஸ் சைக்கிள் மாதிரி இருக்கும், டயர் மட்டும் தடிப்பு. அதன் சீட்டைப் பற்றி விரிவாக எழுத என் வயது இடம் கொடுக்கவில்லை.) கொழும்பில் ஒரு சுற்றுலாக் கம்பனியிலிருந்து நதீஷா என்ற பெண் சில வெள்ளைக்காரர்களோடு பாதையைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்தால் சீசன் முழுக்க ஆட்கள் வருவார்கள். பிடிக்காவிட்டால் கவிதா சைக்கிள்களைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"அப்பா, நீங்க வேன்ல வாங்க. நிக்கிற எடத்துல மட்டும் எறங்கி சரித்திரம் சொன்னா போதும்," என்றாள்.

"நான் என்ன கொழுந்து மூட்டையா, வேன்ல ஏத்திக்கிட்டுப் போறதுக்கு?"

"கடைசியா எப்ப சைக்கிள் ஓட்டுனீங்க?"

"ஏறி உக்காந்தா கால் தானா சுத்தும் புள்ள."

(சுற்றியது தலை.)

நதீஷா வந்த அன்று காலையில் பொகவந்தலாவைப் பக்கமிருந்து புறப்பட்டோம். முதலில் கல்லால் கட்டிய பழைய தேவாலயம், அதன் பின்னால் தொரைமாரின் கல்லறைகள். பிறகு, ஒரு காலத்தில் மலையிலிருந்து கொழுந்து மூட்டைகளைக் கம்பியில் இறக்கிய இரும்புத் தூண். இரண்டும் நிஜம். நான் சொன்னதும் நிஜம். நதீஷா போனில் பதிவு செய்துகொண்டார். அதுவரை ரோடு இறக்கம், நான் அறிஞன்.

அதன்பின் ஏற்றம். வெள்ளைக்காரர்கள் வீட்டு மாடிக்குப் போவது போலப் பேசிச் சிரித்துக்கொண்டு ஏறினார்கள். இரண்டு வளைவு தாண்டியதும் எனக்குத் தேயிலையெல்லாம் கறுப்பாகத் தெரிந்தது. கவிதா திரும்பிப் பார்த்தாள். நதீஷாவும் பார்த்தார். வேனைக் கூப்பிட்டிருக்கலாம். மனிதனாய்ப் பிறந்தவன் அதைத்தான் செய்திருப்பான். நான் கையை உயர்த்தி, "நில்லுங்கள். இது மிக முக்கியமான இடம்," என்று ஆங்கிலத்தில் அறிவித்தேன்.

அறிவித்த பிறகுதான் அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். இடிந்து மறைந்துபோன பழைய பங்களாவின் ஓரத்தில், புல்லுக்குள் ஒரு கல் அறை. இடுப்பளவு வாசல், சுவரில் சின்னச் சின்ன ஓட்டைகள். அது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். என் தகப்பனார் அந்தப் பங்களாவில் சமையல்காரர். சிறுவயதில் நான் தவழ்ந்து போய் முட்டை எடுத்த கோழிக்கூடு அது.

"இங்கேதான்..." என்று தொடங்கி மூச்சு விட முடியாமல் நின்றேன். அதை அவர்கள் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதற்குமேல் எனக்கு வேறு வழியில்லை. ஓர் இளம் தொரை, இங்கிலாந்திலிருந்து அவரைக் கட்டிக்கொள்ளக் கப்பலேறிய பெண், அவள் வழியிலேயே கப்பல் கப்டனைக் கட்டிக்கொண்டது, சேதி கேட்ட தொரை இந்த அறையில் பூட்டிக்கொண்டு உண்ணாமல் உயிர்விட்டது. நெஞ்சு அடிப்பது குறையும் வரை கதை நீண்டது.

"வாசல் ஏன் இவ்வளவு சிறியது?" என்று ஒருவர் கேட்டார்.

"தாழ்மை," என்றேன்.

"இந்த ஓட்டைகள்?"

"கப்பல் வரும் திசையைப் பார்க்க." (கப்பல் வருவது கொழும்புக்கு. ஓட்டை இருந்தது நுவரெலியா பக்கம்.)

எல்லோரும் ஹெல்மட்டைக் கழற்றித் தலை குனிந்து நின்றார்கள். ஒரு பெண்மணி காட்டுப்பூ பறித்து வாசலில் வைத்தார். மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

பயணத்திலேயே சிறந்த இடம் அதுதான் என்றார் நதீஷா. கவிதாவுக்கு வேலை கிடைத்தது. அன்று மாலை அவள் கேட்டாள்:

"இந்தக் கதைய எனக்கு ஒரு நாளும் சொன்னதில்லையேப்பா?"

"நீ கேட்டதில்லையே."

தொரையைக் கொன்றதைவிட இதுதான் பெரிய பாவம்.

வந்த கூட்டமெல்லாம் ஹெல்மட்டைக் கழற்றியது, பூ வைத்தது. தோட்டத்து ஆட்கள் எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? தேயிலையைக் கவ்வாத்து வெட்டுவதற்கு முன், யார் கையிலும் கத்தி படக்கூடாது என்று மலையோரத்தில் கல் நட்டுச் சேவல் அறுத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வருடம் கல்லை அந்த வாசலில் நட்டார்கள். குங்குமம், சூலம், சாராயப் போத்தல், சுருட்டு எல்லாம் வந்தன. பெயர் தொரைச்சாமி. கோழிக்கூட்டின் முன்னால் சேவல் அறுத்தார்கள்.

அதோடு ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மூங்கிலும் வந்தது.

"கோவிச்சிக்காதீங்கம்மா," என்றார் செல்லமுத்துக் கங்காணி கவிதாவிடம். "சாமிக்கு முன்னாடி செருப்புக் காலோட சைக்கிள் மிதிச்சிக்கிட்டுப் போறது சரியில்லைங்க."

வேறு ரோடு இல்லை. அந்த இடத்தைக் காட்டாவிட்டால் ஆள் அனுப்ப முடியாது என்று நதீஷா சொல்லிவிட்டார். கவிதா முற்றத்தில் சைக்கிள்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அங்கே வைத்துத்தான் உண்மையைச் சொன்னேன்.

"கோழிக்கூடா?"

"ஆமா."

"அப்ப யாரும் சாகலையா?"

"கோழிங்கதான்."

அவள் சிரிக்கவில்லை. "அவங்ககிட்ட சொன்னது சரி. எங்கிட்டயுமாப்பா பொய் சொன்னீங்க?" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் ஆட்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்துக்குப் போனேன். எல்லோர் முன்னாலும் நின்று, மூச்சு வாங்கியதிலிருந்து முட்டை எடுத்தது வரை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"மாஸ்டர்," என்றார் கங்காணி, "இந்த வருசம் கவ்வாத்துல ஒருத்தர் கையிலயும் கத்தி படல. கோழிக்கூடு எப்படிங்க காப்பாத்தும்?"

"பாவம், மாஸ்டருக்கு வயசாயிருச்சு," என்றது பின்னாலிருந்து ஒரு பெண் குரல்.

"சாமிய இல்லேன்னு சொன்னா சும்மா விடுமா? மாஸ்டர் ஏதாச்சும் பரிகாரம் செஞ்சிட்டுத்தான் போகணும்," என்றார் இன்னொருவர்.

ஒதுங்கிப் போய்ப் பேசிவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார்கள். மகள் முகத்துக்காக மூங்கிலை எடுத்துவிடுவார்கள். வருகிறவர்கள் இறங்கி, சப்பாத்தைக் கழற்றி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். நான் சாமியைப் பழித்ததற்கு வருடா வருடம் சேவல் என் பொறுப்பு.

நதீஷாவுக்கும் போன் போட்டுச் சொன்னேன். தொரை கதை, கோழிக்கூட்டு உண்மை இரண்டையும் சொல்ல வேண்டும், அதை நீங்களே வந்து சொல்ல வேண்டும் என்றார். வெறுங்காலோடு சைக்கிள் தள்ளுவது அவருக்கு மிகவும் பிடித்துப்போனது.

கவிதாவின் தொழில் தப்பியது. என்னோடு பேசுகிறாள், ஆனால் நான் சொல்வதைத் தன் அம்மாவிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்கிறாள். அம்மாவோ, ஹட்டன் கடைவீதிப் படிகளில் நான் எங்கே நின்றாலும், "இந்த எடத்துல எந்தத் தொரை செத்தாரு?" என்று ஊருக்கே கேட்கும்படி விசாரிக்கிறாள்.

இப்போது நான் வேனில்தான் போகிறேன். வாசலில் நின்று முதலில் தொரையின் கதையை, பிறகு உண்மையைச் சொல்கிறேன்: இது கோழிக்கூடு, எனக்கு மூச்சு வாங்கியது, நான் பொய் சொன்னேன். வெள்ளைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும் முன், அங்கே விளக்கு வைக்கும் கங்காணியின் மனைவி சூடம் கொளுத்தி, உள்ளே பார்த்துத் தணிந்த குரலில் சொல்கிறார்: "மாஸ்டர் ஏதோ ஒளர்றாரு. மனசுல வச்சிக்காதீங்க சாமி."