ரிட்டன் கேப்டன்

விமானம் ஓட்டக் கிளம்பி, தரையை விட்டு எழும்பாமலே வீடு திரும்புவதில் எங்கள் ரிட்டன் கேப்டனை மிஞ்ச உலகத்திலேயே ஆள் கிடையாது.

ஆம்பூரில் என் வீட்டு மாடியில் குடியிருந்தார். தோல் தொழிற்சாலை முதலாளி ஒருவரின் சிறிய ஜெட் விமானத்துக்கு அவர்தான் பைலட். விமானம் நிற்பது சென்னையில். விடிந்ததும் முதலாளியின் காரில், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு கிளம்புவார். தெருவே கையசைக்கும். சாயங்காலம் அதே சட்டையோடு பால் பாக்கெட் வாங்கிக்கொண்டிருப்பார்.

"இன்னா கேப்டன், டெல்லி போய்ட்டு அதுக்குள்ள வந்துட்டீங்களா?" என்பார் டீக்கடை பாய்.

"ரன்வேல ஓடும்போது, கதவு திறந்திருக்குன்னு லைட் எரிஞ்சுது பாய். பிரேக் போட்டுட்டேன்."

"திறந்திருந்துச்சா?"

"இல்ல. லைட்டுதான் பொய்."

அதைச் சரிசெய்தால் அடுத்த முறை வேறொரு லைட் எரியும். அவருக்குக் கல்யாணம் ஆகாததற்கும் இதுதான் காரணம், தாலியைக் கையில் எடுத்ததும் ஏதோ லைட் எரிந்திருக்கும் என்று கடையில் பேசிக்கொண்டார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். பிறகு மாடியேறி, ஒருவருக்கு மட்டும் சோறு வடிப்பார்.

ஒருநாள் ஷூ ஆர்டர் பேச வந்த வெளிநாட்டுக்காரர்கள் உள்ளே இருக்கும்போதே விமானம் ரன்வேயில் குலுங்கி நின்றது. முதலாளிக்கு மானம் போய்விட்டது.

"பொய் லைட்டுக்கெல்லாம் எதுக்கு நிக்கிறீங்க?"

"நின்னதுக்கு அப்புறம்தானே பொய்னு தெரியுது, சாப்."

வேலை போயிற்று. அன்று மூடிய பாத்திரத்தோடு வந்து என் கதவைத் தட்டினார்.

"தனியா சாப்பிட முடியல சார், அதான்."

உட்கார்ந்தவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பக்கத்துல இன்னொரு பைலட் இருப்பாரு. பின்னாடி அத்தனை பேர் இருப்பாங்க. ஆனா அந்த லைட் எரியுறப்போ யாருமே இல்லாத மாதிரி இருக்கும். நிறுத்தின அப்புறம் இன்னும் ஜாஸ்தி. ஒருத்தரும் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டாங்க."

அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

புது பைலட் வந்தார். முதல் பயணத்தன்று நடந்ததைக் கார் டிரைவர் வந்து சொன்னார். முதலாளியின் மனைவி கேட்டிருக்கிறார்: "லைட் எரிஞ்சா இவரும் நிறுத்துவாரா?"

"மாட்டார். தைரியமான ஆளு" என்றாராம் முதலாளி, பெருமையாக.

"அப்ப நீங்க போங்க. நான் ரயில்ல வர்றேன்."

அதே வாரம் கேப்டனைத் திரும்பக் கூப்பிட்டார்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே வீடும் கொடுத்துவிட்டார்கள்.

மாடியை வாடகைக்குக் கேட்டு அடிக்கடி ஆட்கள் வருகிறார்கள். ஆள் இருக்கிறார் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.