வெள்ளைப் பூவும் சிவப்புக் காரும்

அம்பது வயசுக்குள்ள ஒரு ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிப் பாத்துடணும். இதுதான் என் வாழ்நாள் தீர்மானம். அம்பதுக்கு இன்னும் ஆறே மாசம் இருந்ததால கொஞ்சம் அவசரத் தீர்மானமும்கூட.

என் பேரு வேங்கடபதி. அருப்புக்கோட்டையில நாலு விசைத்தறி ஓட்டுறேன். அதாவது மூணு ஓடுது, ஒண்ணு வேடிக்கை பாக்குது. என் சம்சாரம் பேரு சௌடேஸ்வரி. எங்க குலசாமி பேரும் அதேதான். அதனால கோவம் வந்தாக்கூட பேரச் சொல்லித் திட்ட முடியாது. திட்டுனா உடனே கன்னத்துல போட்டுக்கிடணும். இந்த வசதி அவளுக்கு நல்லாவே தெரியும்.

காரு, திருச்சுழிப் பக்கம் வீரபாண்டி அண்ணன் தோட்டத்துல கெடந்துச்சு. அவரு மகன் ஆசையா வாங்கி, அலுத்துப் போயி, போட்டுட்டு வெளிநாட்டுக்குப் போயிட்டான். ரெண்டே சீட்டு. கூரை கெடையாது. செக்கச் செவேல்னு இருந்திருக்கணும். இப்ப புழுதி நெறம். அடியில மொளச்ச சீமைக்கருவேலம் தரைத் தகட்டைப் பொத்துக்கிட்டு, ஸ்டீயரிங்குக்குள்ள நொழஞ்சு மேல வந்து நெழல் குடுத்துக்கிட்டிருந்துச்சு. டிரைவர் சீட்டுல ஒரு கோழி அடைகாத்துக்கிட்டிருந்துச்சு. எனக்குப் பாத்ததும் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டுச்சு.

"காசெல்லாம் வேணாம் வேங்கடபதி. கோழி எறங்குனதும் எடுத்துக்கிடுங்க"ன்னாரு வீரபாண்டி அண்ணன்.

பந்தல்குடியில லாரி மெக்கானிக் காசிராஜனக் கூட்டிட்டுப் போயி காட்டுனேன். அவன் காரைச் சுத்திச் சுத்தி வந்தான்.

"காசி, தேறுமா?"

"தேறும்ணே. ஒரு பக்கத்துக் கண்ணாடி நல்லாருக்கு."

"மத்தது?"

"மத்ததெல்லாம் புதுசாப் போட்டாத் தேறும்."

"எவ்வளவு ஆகும்?"

"ஒரு புதுத் தறி வாங்குற காசு ஆகும்ணே."

ஊர்ல உவமைக்கு வேற பொருளா இல்ல? அந்த வாரம்தான் சீட்டுப் பணம் கைக்கு வருது. நாலாவது தறியத் தூக்கிட்டுப் புதுசு போடணும்னு சௌடேஸ்வரி ஒரு வருசமா அதுக்காகக் காத்துக்கிட்டிருக்கா. ஒண்ணு தறி, இல்லன்னா காரு. ரெண்டுக்கும் காசு கெடையாது.

காலையில அவ வாசல்ல சாமிக்குச் செவ்வரளி பறிச்சுக்கிட்டிருந்தா. மெதுவாப் போயி பக்கத்துல நின்னேன். வீட்டு ரகசியமெல்லாம் நாங்க எங்க சனத்துப் பாஷையான கன்னடத்துல பேசுறதுதான் வழக்கம், பக்கத்து வீட்டு முருகலட்சுமியக்காவுக்குப் புரியக்கூடாதுன்னு. இருவது வருசமாக் கேட்டுக் கேட்டு அந்தக்காவுக்கு இப்ப எங்களவிடச் சுத்தமா கன்னடம் வருது. இருந்தாலும் வழக்கத்த விடல. உங்களுக்காகத் தமிழ்ல சொல்றேன்.

"ஒரு விசயம் பேசணும்."

"காரு விசயமா?"

"யாரு சொன்னா?"

"காசிராஜன் சம்சாரம் நம்மகிட்டதான சேலை எடுக்கா. அந்தக் காருல எத்தன பேரு போலாம்?"

"ரெண்டு பேரு."

"நம்ம மக அஷ்வினியோட சேத்து நாம மூணு பேரு. யாரு பஸ்ஸுல வரணும்?"

"அது... மாத்தி மாத்தி வந்துக்கிடலாம்."

"கூரை இல்லையாம்ல. மழை வந்தா?"

"நம்ம ஊர்ல எங்க மழை வருது!" மடக்கிட்டேன்னு நெனச்சேன்.

"சரி, வெயில் வந்தா?"

தோள்ல கெடந்த துண்ட எடுத்துத் தலையில போட்டுக் காட்டுனேன்.

"தறி சோறு போடும். காரு என்ன போடும்?"

"பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு வருசம் ஏற ஏற வெல ஏறும், தெரியுமா?"

"நம்ம நாலாவது தறியும் பழசுதான். ஏறிருக்கா?"

அவ கத்தவே மாட்டா. கத்துனாலாவது நானும் பதிலுக்குக் கத்தலாம். பூவப் பறிச்சுக்கிட்டே சாவகாசமாக் கேப்பா. மதிலுக்கு அந்தப் பக்கம் முருகலட்சுமியக்கா தொண்டையச் செருமுச்சு. அக்காவும் தறி கட்சின்னு தெரிஞ்சுச்சு.

அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. "நமக்குள்ள எதுக்குச் சண்டை? ஆத்தாகிட்டயே கேட்டுருவோம். பூக் கட்டிப் பாப்போம்"னேன்.

எங்க சனத்துல பொண்ணு எடுக்குறதுல இருந்து போர் போடுறது வரைக்கும் இதுதான் கடைசித் தீர்ப்பு. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவப்புப் பூ ஒரு பொட்டலம். வாழையெலையில மடிச்சு, நூல் சுத்தி, ஆத்தா காலடியில வைக்கணும். பூசாரி கண்ண மூடிக்கிட்டு ஒண்ண எடுப்பாரு. எங்க வீட்ல வழக்கமா வெள்ளை வந்தா சரி, செவப்பு வந்தா வேணாம்.

"ரொம்பச் சரி"ன்னா சௌடேஸ்வரி. அவ்வளவு சுளுவா ஒத்துக்கிட்டப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்.

"பொட்டலம் நான் கட்டுறேன்."

"கட்டுங்க. செவப்புக்கு நம்ம செடியில இருக்கு. வெள்ளைய மட்டும் கடையில வாங்கிக்கிடுங்க."

வாங்குனேன். கொஞ்சம் தாராளமாவே வாங்குனேன். ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளை அரளியவே வச்சுக் கட்டுனேன். ஆத்தாவ ஏமாத்தணும்னு இல்லீங்க. அவுகளுக்கு ஊர்ப்பட்ட சோலி. முடிவெடுக்குற சிரமத்தக் கொறச்சேன், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். சாட்சிக்கு முருகலட்சுமியக்காவும் வந்துச்சு. பூசாரி நாகேந்திரன் பொட்டலத்த வாங்கி வச்சுட்டு, "கேள்வி யாரு கேக்குறது?"ன்னாரு.

எனக்குப் பெருந்தன்மை பொங்கிருச்சு. ஜெயிக்கப்போறவன்தான? "அவளே கேக்கட்டும். நாளப் பின்ன ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க."

சௌடேஸ்வரி கையக் கூப்பி, கோயிலுக்கே கேக்குற மாதிரி சொன்னா:

"தாயே, இவுக ரொம்ப ஆசப்படுறாக. காரு வேணும்னா செவப்புப் பூவக் குடு. காரும் செவப்புதான, பொருத்தமா இருக்கும். காரு வேணாம், தறியே போதும்னா வெள்ளைப் பூவக் குடு. நூலும் வெள்ளைதான."

நான் பதறிப்போயி குறுக்க விழுந்தேன். "ஏய்... வெள்ளைன்னா சரிங்கிறதுதான வழக்கம்?"

பூசாரி மொறச்சாரு. "எதுக்கு எதுன்னு கேக்குறவுக சொல்றதுதான் கணக்கு. ஆத்தா காதுல விழுந்தாச்சு. இனி மாத்தப்படாது."

கண்ண மூடிக்கிட்டு கைய நீட்டுனாரு. வலது பக்கம் போச்சு கை, அப்புறம் இடது பக்கம் வந்துச்சு. சுத்தி நின்னவுகெல்லாம் மூச்சப் பிடிச்சுக்கிட்டிருந்தாக. என்ன வரும்னு தெரிஞ்சு நின்ன ஒரே ஆளு நான்தான். அழுகை அழுகையா வந்துச்சு.

"வெள்ளை!"

முருகலட்சுமியக்கா குலவையே போட்டுருச்சு.

சௌடேஸ்வரி என் பக்கம் திரும்பி, கரிசனமா, "ஒங்களுக்கு மனசு ஆறலன்னா இன்னொரு பொட்டலத்தையும் பிரிச்சுக் காட்டச் சொல்லவா?"ன்னா.

"சேச்சே! எதுக்கு? ஆத்தா சொன்னாச் சரிதான்."

"அதான"ன்னு அந்தப் பொட்டலத்த எடுத்து முந்தானையில முடிஞ்சுக்கிட்டா.

புதுத் தறி வந்துருச்சு. நல்லாத்தான் ஓடுது. திருச்சுழியில கோழி குஞ்சுகளோட எறங்கிருச்சாம். வீரபாண்டி அண்ணன் போன் போட்டுச் சொன்னாரு. எனக்கு ரெண்டு நாளு சோறு எறங்கல. காரு போனதுகூட பெருசில்ல. இவளுக்கு எப்படித் தெரிஞ்சுச்சுங்கிறதுதான் பிடிபடவே இல்ல.

நேத்துக் காலையில செவ்வரளிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டே அவளாச் சொன்னா:

"அடுத்த தடவ பூக் கட்டிப் பாக்குறதா இருந்தா, பேருக்காச்சும் இந்தச் செடியில நாலு பூவப் பறிச்சுருங்க. இதையும் நானா சொல்லித் தரணும்?"