இந்தப் பச்சையா, அந்தப் பச்சையா?

தையல் போடுகிறவர்கள் ஒரு ரகம். தையல் போடப்போகிறவர்கள் இன்னொரு ரகம். நாம் பார்க்கப்போவது இரண்டாவது ரகத்தை. அடையாளம் காண்பது சுலபம். வீடு முழுக்க நூல்கண்டு இருக்கும், பூவேலை செய்த துணி ஒன்றுகூட இருக்காது.

நம் அக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். தெருவுக்கே அவள் அக்கா. கட்டியவருக்கு மட்டும் 'டிசைனர்', அதுவும் அவள் காதில் விழாத தூரத்தில். தங்கை முதல் குழந்தை உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் அக்கா போனிலேயே வாக்குக் கொடுத்துவிட்டாள்.

"கொழந்தைக்குப் போர்வைன்னு கடையில எதுவும் வாங்கிடாத. பெரியம்மா கையால பூவேலை பண்ணித்தான் போத்தணும். யாரையும் பாத்துக் காப்பியடிக்கல, சொந்த டிசைன்."

தங்கை, பாவம், நம்பினாள்.

சொந்த டிசைன் என்றால் என்ன? ஒரு கிளை, கிளையில் ஒரு குருவி, குருவி வாயில் ஓர் இலை. அவ்வளவுதான். ஆனால் இலைக்குப் பச்சை வேண்டுமே. துளிர்ப் பச்சை, பாசிப் பச்சை, கிளிப் பச்சை என்று கடைக்காரர் எடுத்துப் போடப் போட, அக்கா ஒவ்வொன்றையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்து, உள்ளே கொண்டுவந்து ட்யூப்லைட்டில் பார்த்து, புறங்கையில் வைத்துப் பார்த்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, கடைசியில் முதலில் பார்த்ததையே மறுபடி கேட்டபோது அவர் சாப்பிடப் போயிருந்தார். எல்லாப் பச்சையையும் வாங்கி வந்தாள்; வீட்டில் கணவர் மாட்டினார்.

"இந்தப் பச்சையா, அந்தப் பச்சையா?"

"ரெண்டும் ஒண்ணுதானே."

அன்று முழுக்க அந்த வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. மறுநாள் மனிதர் உஷாராக, "இது" என்று ஒன்றைத் தொட்டார்.

"ஏன்?"

ஏன் என்றால் என்ன சொல்வார்? ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்பது கலைக்கு ஏற்ற பதில் இல்லை. இந்த ரகத்தாருக்கு உங்கள் அபிப்பிராயம் கட்டாயம் வேண்டும், அது சரியில்லை என்று சொல்வதற்கு.

நிறத்தை விட்டால் தையல். குருவியின் நெஞ்சுக்குச் சங்கிலித் தையல் போடலாமா, போட்டால் ஸ்வெட்டர் மாட்டிய மாதிரி இருக்குமோ? கண்ணுக்கு முடிச்சா, மணியா? நூல் ஓரிழையா, ஈரிழையா? பிரித்துப் பார்த்தாள், மறுபடி முறுக்கி வைத்தாள்.

இதற்கு நடுவில் பேனா வேறு. அக்கா துணியில் குருவியை வரைந்தது ஒருவித ஊதா மைப் பேனாவால். துவைக்கவே வேண்டாம், காற்றுப் பட்டு ஓரிரு நாளில் கோடு தானாக மறைந்துவிடும். அதற்குள் தைத்து முடித்திருப்பார்கள் என்பது பேனா செய்தவன் நினைப்பு. அவனுக்கு அக்காவைத் தெரியாது. பச்சை முடிவாவதற்குள் குருவி போய்விட்டது. "நல்லதாப் போச்சு, வால் கொஞ்சம் நீளம்னு நெனச்சேன்" என்று மறுபடி வரைந்தாள். அதுவும் போயிற்று. வரைய வரைய வால் திருந்தியது, குருவி கொழுத்தது. ஊசி மட்டும் டப்பாவை விட்டு வெளியே வரவில்லை.

குழந்தை காத்திருக்குமா? பிறந்துவிட்டது.

வெறும் வெள்ளைத் துணியை மடித்து எடுத்துக்கொண்டு அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். வழியெல்லாம் அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது. குழந்தை ஆஸ்பத்திரித் துண்டில் கிடந்தது. தங்கை துணியை விரித்து இந்தப் பக்கம் பார்த்தாள், திருப்பி அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"டிசைன் எங்கக்கா?"

"இன்னும் கலர் முடிவாகல."

தங்கை கோபித்திருந்தால்கூடத் தேவலாம். அவள் குழந்தையை அந்தத் துணியில் சுற்றி அக்கா கையில் கொடுத்தாள். "மெத்துன்னுதான் இருக்கு. இந்தா, தூக்கிக்க."

அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். போதும் இந்தக் கூத்து, வீட்டுக்குப் போனதும் கைக்கு அகப்பட்ட நூலை எடுத்து உட்கார்ந்துவிட வேண்டியதுதான் என்று மனசாரத் தீர்மானித்தாள். அந்த நேரம் பார்த்துக் குழந்தை கொட்டாவி விட்டது. உள்ளே ஈறு தெரிந்தது. ரோஜாவும் இல்லை, செம்மண்ணும் இல்லை. எந்தக் கடையிலும் அவள் பார்த்திராத ஒரு சிவப்பு.

"ஏண்டி," என்றாள் அக்கா மெதுவாக, "இந்தக் கலர்ல குருவி போட்டா எப்படி இருக்கும்?"

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். அப்புறம் எழுந்து போய்ப் பாருங்கள்: தினமும் காலையில் ஓடுவதற்கென்று நாலு கடை ஏறி இறங்கி வாங்கிய அந்த ஷூ, அடியில் ஒரு பொட்டு மண் படாமல் உங்கள் கட்டிலுக்கடியில் கிடக்கிறதே, அது யாருடையது?