இரண்டு ராத்தல் விசுவாசம்

பண்டிகை நாளில் உடம்பை நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்க முடியாது. மலாயாவின் கேமரன் மலையில், தானா ராத்தா ஊருக்கு மேலே இருந்த வெள்ளிமேடு தேயிலைத் தோட்டத்துக்கும் இருக்கவில்லை. ஆனால் 1951-ம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கையில், அந்த உடம்புகளுக்கு இரண்டு அதிகாரிகள் ஒரே சமயத்தில் பொறுப்பேற்றுக்கொண்டார்கள். தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

அவசரகாலம் அது. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு ஒரு பருக்கைகூடப் போய்விடக் கூடாது என்று தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டு, அரிசியை அளந்து கொடுத்தார்கள். கொழுந்து பறிக்கப் போகும் பெண்களின் கூடையைக் கேட்டில் கவிழ்த்துப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட நாளில், பண்டிகையை முன்னிட்டு ஆளுக்கு மூன்று ராத்தல் அரிசியும் ஒரு ராத்தல் சீனியும் கூடுதலாகத் தர உணவுக் கட்டுப்பாட்டு அதிகாரி முன்வந்தார். பெரிய மனசுதான். கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஆர்தர் அதைப் படித்தார்.

"மேற்படி உணவைப் பெறுவோரின் எடை டிசம்பர் 24-ம் தேதியும் ஜனவரி 2-ம் தேதியும் எடுக்கப்படும். இரண்டு ராத்தலாவது கூடாதவர், அவ்வுணவைக் காட்டுக்கு அனுப்பியவராகக் கருதப்பட்டுக் கைது செய்யப்படுவார்."

"உடம்புல ஒட்டலன்னா காட்டுக்குப் போச்சுன்னு அர்த்தமா?" என்று கேட்டாள் கொழுந்து பறிக்கும் கத்தரீன்.

"வேற எங்க போகும்னு கேக்குறாரு அதிகாரி," என்றார் ஆர்தர்.

"எங்க வீட்டுக்காரரு சாப்புடுறது எங்க போவுதுன்னு பதினோரு வருஷமா நானே தேடிக்கிட்டு இருக்கேன் லா!"

யாரும் சிரிக்கவில்லை. அவள் புருஷன் சூசைமுத்து தேயிலை ஆலையில் வேலை செய்பவன். மூன்று ஆள் சோறு சாப்பிடுவான். மூங்கில் கழிக்குச் சட்டை மாட்டியது போல இருப்பான்.

மறுநாள் சுகாதார அதிகாரியின் சுற்றறிக்கை வந்தது. "பண்டிகைக் காலத்தில் அளவு மீறி உண்பது சகல வியாதிகளுக்கும் வாசல். ஒரு ராத்தலுக்கு மேல் கூடியவருக்குப் பேதி உப்பு கொடுக்கப்படும். மூன்று வாரம் உடற்பயிற்சியும் உண்டு."

"ரெண்டு ஏறலன்னா ஜெயிலு, ஒன்னுக்கு மேல ஏறுனா பேதி. நாங்க என்னதான் செய்யணும் கிராணி ஐயா?" என்றாள் பக்கத்து வீட்டு ருக்குமணி.

ஆர்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு ஏறணும். ஆனா ஒன்னுதான் ஏறணும்."

விளக்கம் கேட்டு அவர் இரண்டு ஆபீசுக்கும் எழுதினார். உடல்நலம் தமது இலாகா அல்ல என்று ஒருவர் பதில் போட்டார். காடு தமது இலாகா அல்ல என்று மற்றவர் பதில் போட்டார்.

தோட்டம் யோசித்தது. ஜெயிலைவிடப் பேதி மேல் என்று தீர்மானித்தது.

டிசம்பர் 24-ம் தேதி, கொழுந்து நிறுக்கும் தராசில் ஒரு பலகையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஜனங்கள் பயப்படாமல் இருக்க முதலில் இரண்டு அதிகாரிகளும் அதில் உட்கார்ந்து காட்டினார்கள். ஆர்தர் எல்லாரையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

"நாங்க மாரியம்மனக் கும்புடுறவங்க. எங்களுக்கு எதுக்கு கிறிஸ்துமஸு?" என்றாள் ருக்குமணி.

"லிஸ்டுல பேரு இருக்கு. சாப்புடுங்க," என்றார் ஆர்தர்.

அந்தக் கிறிஸ்துமஸில் வெள்ளிமேடு கடமை தவறாமல் தின்றது. பூசை முடிந்ததும் ஓடிவந்து தின்றது. சூசைமுத்துவுக்குக் கத்தரீன் கோழிக்கறியும் அப்பமுமாக ஊட்டினாள். தன் பங்கையும் அவன் தட்டில் போட்டாள்.

"போதும் புள்ள, மூச்சு முட்டுது."

"முட்டட்டும். லாக்கப்புல காத்து நல்லா வருமாம், அங்க போறீங்களா?" என்று அதட்டினாள். அடுப்பங்கரைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஜனவரி 2. மற்றவர்கள் எப்படியோ இரண்டு ராத்தலைத் தாண்டிவிட்டார்கள். ஒரு பக்கம் பேதி உப்பு கரைந்துகொண்டிருந்தது. சூசைமுத்து பலகையில் ஏறினான். அரை ராத்தல் குறைந்திருந்தான்.

"உடம்பில் இல்லை. ஆகவே காட்டில் இருக்கிறது," என்றார் உணவு அதிகாரி. போலீஸ்காரர் சூசைமுத்துவின் கையைப் பிடித்தார்.

கத்தரீன் குறுக்கே வந்து நின்றாள். "ஐயாவும் பத்து நாளா துரை பங்களாவுலதான சாப்புட்டீங்க? நோட்டுல ஐயா பேரும் இருக்கு. ஒரு தடவ ஏறுங்க."

கூட்டம் அவரையே பார்த்தது. துரையும் பார்த்தார். அதிகாரி ஏறினார்.

"நாலு ராத்தல் குறைச்சல்," என்றார் ஆர்தர் மெல்ல.

பங்களாவில் தின்ற வான்கோழி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அது எந்த வழியாக எங்கே போனது என்பதை அத்தனை பெண்களுக்கு முன்னால் அவரால் விளக்க முடியவில்லை. போலீஸ்காரர் சூசைமுத்துவின் கையை விட்டுவிட்டு, அடுத்து யார் கையைப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றார். சுகாதார அதிகாரி சத்தம் போட்டுச் சிரித்தார். அவரையும் ஏறச் சொன்னார்கள். ஒன்பது ராத்தல் கூடியிருந்தார்.

அன்றைக்குத்தான் இரண்டு இலாகாக்களும் முதல் தடவையாக ஒத்துப்போயின. தராசுதான் குற்றவாளி என்று கூட்டறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டன. தராசுக்கு அரக்கு முத்திரை வைத்து, லோரியில் ஏற்றி, துப்பாக்கிக் காவலோடு தானா ராத்தாவுக்குக் கொண்டுபோனார்கள். தோட்டமே கை தட்டியது. சூசைமுத்து அன்று மத்தியானம் நிம்மதியாக நான்கு ஆள் சோறு சாப்பிட்டான்.

அதிகாரிகளின் முட்டாள்தனத்தை வெள்ளிமேடு மாதக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. சித்திரையில் கத்தரீனின் தங்கை மேவிஸைப் பெண் பார்க்கப் பக்கத்து ஊரான திரிங்காப்பிலிருந்து வந்தார்கள். காப்பி கொடுப்பதற்கு முன்னாலேயே கத்தரீன் கேட்டாள், "மாப்புள எத்தன ராத்தல்?"

கேட்கப்படும் என்று தெரிந்தே வந்தவர்கள் போல, மாப்பிள்ளையின் தகப்பனார் மருந்துக்கடை முத்திரை குத்திய எடைச் சீட்டை எடுத்து நீட்டினார்.

கத்தரீன் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"போன மாசத்து சீட்டு லா இது. செல்லாது," என்றாள். "புதுசா எடுத்துக்கிட்டு திங்கக்கிழமை வாங்க."