இருபது பேருக்கு ஒரு வெட்டு

கொழும்பில் மூன்று மாதம் ஏதாவது படித்துவிட்டு ஊர் திரும்பும் இளைஞனை முதல் ஆறு மாதத்துக்கு ஒருவரும் நம்பக்கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். அந்த இளைஞன் நான்தான்.

எண்பதுகளின் தொடக்கம். திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல் சாமான் இறக்கும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. அங்கே புதிதாக ஒரு கொம்பியூட்டர் வந்திருந்தது. அதற்குப் புரோகிராம் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற நினைப்பில், லிங்கநகரிலிருந்து சைக்கிளில் வரும்போதே தலையை நிமிர்த்திக்கொண்டுதான் வருவேன். (இதனால் றோட்டில் படுத்திருந்த மாட்டில் இரண்டு முறை மோதியிருக்கிறேன்.)

அந்த வருடம் எனக்குக் கல்யாணமும் பேசியிருந்தார்கள். பெண்ணுக்கு ஊர் உப்புவெளி. தகப்பன் கதிர்காமத்தம்பி அதே துறைமுகத்தில் நாலாம் செட்டின் கங்காணி. இருபது தொழிலாளர் சேர்ந்தால் ஒரு செட். அவர்களின் தலைவர்தான் கங்காணி. மாப்பிள்ளை பிடித்திருக்கிறது என்று அவர் வாயால் சொல்வது மட்டும்தான் பாக்கி. அதையும் வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்வதாக இருந்தார்.

எங்கள் கந்தோரில் ராணியக்கா என்று ஒரு தட்டெழுத்தாளர். புருஷன் செத்த பிறகு இரண்டு பிள்ளைகளையும் அந்தச் சம்பளத்தில்தான் வளர்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு செட்டுப் பெயர்களையும் பதிவேட்டைப் பார்த்து, ஒரே நீளமான பைலாகக் கொம்பியூட்டரில் அடித்து வைத்தவர் அவர்தான். மனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"செட்டுக்கு ஒரு பைலாப் பிரிச்சு, தனித்தனித் தாளில எடுத்துத் தாரும். நாளைக் காலமை கேட்டில வாசிக்கோணும்."

தாளில் முதலாவதாக வருவது கங்காணியின் பெயர். கேட் காவலாளி அதை வாசித்ததும் கங்காணி முன்னால் நடப்பார், மற்றவர்கள் பின்னால் போவார்கள். துறைமுகத்தில் அந்த முன்னால் நடக்கிற நடைக்கு ஒரு தனி மரியாதை.

ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் செட் இலக்கம் இருந்தது. அதைப் பார்த்துப் பிரிக்கச் சொல்லி எழுதியிருந்தால் இன்னும் பத்து வரி அதிகம் எழுத வேண்டியிருந்திருக்கும், அவ்வளவுதான். என் கெட்டித்தனம் அதற்கு விடவில்லை. இருபது பெயர் எண்ணு, வெட்டு, புதுப் பைல் திற, திரும்ப எண்ணு. ஐந்தே வரியில் வேலை முடிந்தது. முதல் இரண்டு தாளைப் பார்த்தேன். அச்சுக் குத்தினமாதிரிச் சரி.

"தம்பி, மிச்சத்தையும் ஒருக்காப் பாருங்கோவன்," என்றார் ராணியக்கா.

"மெஷின் எண்ணினது அக்கா. மனிசர் எண்ணினால்தான் திருப்பிப் பாக்கோணும்."

(இதைச் சொன்னபோது கதிரையில் சாய்ந்து காலுக்கு மேல் கால் போட்டிருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.)

துறைமுகத்தில் என்னையும் மனேஜரையும் தவிர எல்லாருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது. மூன்றாம் செட் கிண்ணியாக்காரருடையது. அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுகிற மீராசாகிபுவுக்குக் கேட் பாஸ் வேண்டுமென்பதால், அவரையும் இருபத்தோராவது ஆளாகப் பதிந்திருந்தார்கள். என் புரோகிராம் அவரை வெட்டி எடுத்து நாலாம் செட்டின் தலையில் வைத்தது. நாலாம் செட்டின் கடைசி ஆள் ஐந்தாம் செட்டுக்குக் கங்காணியானார். இப்படியே பன்னிரண்டு வரைக்கும் பதவி உயர்வு.

மறுநாள் காலை முதல் மூன்று செட்டும் ஒழுங்காக உள்ளே போயின. பிறகு காவலாளி அடுத்த தாளை எடுத்தார்.

"நாலாம் செட். கங்காணி மீராசாகிபு."

மீராசாகிபு தேத்தண்ணிக் கேத்தலும் கையுமாக முன்னால் வந்தார். "என்னயா கூப்பிட்டீங்க?"

இரண்டாவது பெயர் கதிர்காமத்தம்பி. அந்த மனிதர் தோளில் கிடந்த துவாயை விரித்து, கேட்டோரக் கல்லில் போட்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்தடுத்த கங்காணிமாரும் அதே மாதிரி உட்கார்ந்தார்கள். கடைசியில், இல்லாத பதின்மூன்றாம் செட்டுக்கும் ஒரு தாள் இருந்தது. அதில் ஒரே ஒரு பெயர். அவர் தனக்குத் தானே கங்காணியாகி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தனியாக உள்ளே போனார்.

கப்பல் காத்துக்கொண்டு நின்றது. மனேஜர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார், பின்னால் நானும் ராணியக்காவும். "ஆரின்ர பிழை இது?"

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு வெட்கம். இவ்வளவு நேரம் சொன்னது வெறும் முட்டாள்தனம்.

"சேர், மெஷின் பிழை விடாது. அடிச்ச இடத்திலதான் பிழை இருக்கோணும்," என்றேன்.

மனேஜர் ராணியக்காவின் பக்கம் திரும்பினார். "நாளையிலயிருந்து நீர் வரத் தேவையில்லை."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். குனிந்து என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ராணியக்கா உள்ளே போய்ப் பதிவேட்டை எடுத்து வந்தார். மனேஜரின் முன்னால் விரித்துப் பிடித்தார். மீராசாகிபு கேத்தலைக் கீழே வைத்தார்.

"சேர், எண்ட பேரு மூணாம் செட்டுல இருபத்தோராவதா இரிக்கி. இந்தப் புள்ள சரியாத்தான் எழுதி இரிக்கி. தம்பிதான் எண்ணிப் பாக்கல்ல போல."

மனேஜர் பதிவேட்டில் விரல் வைத்து எண்ணினார். பிறகு என்னைப் பார்த்தார். "என்ர பிழைதான் சேர்," என்றேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் தரம் சொல்ல வேண்டியிருந்தது.

கதிர்காமத்தம்பி எழும்பித் துவாயை உதறினார்.

"தம்பி, என்னை ரெண்டாம் ஆளாக்கினது பறவாயில்லை. அது எண்ணிக்கைப் பிழை. அந்தப் பிள்ளையின்ர சோத்தில கை வைச்சீரே, அதுக்கு என்ன பேர்?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ராணியக்காவின் வேலை தப்பியது. என் கல்யாணம் நின்றது. ஒரு மாதம் யோசித்து, வெட்கத்தை விட்டு ராணியக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கோ தம்பி," என்று தேத்தண்ணி தந்தார். அடுத்த வாரம் எனக்குச் சொல்லாமல் பஸ் எடுத்து உப்புவெளிக்குப் போய், எனக்காகப் பேசியிருக்கிறார். அதன் பிறகுதான் கதிர்காமத்தம்பி வந்து ஓம் என்றார்.

கதை கல்யாணத்துக்கு முன்பே வீட்டுக்குள் வந்துவிட்டது. ஏதாவது உடைந்து, நான் "நானில்லை" என்று சொன்னால் போதும், "அப்ப ராணியக்காவோ?" என்பாள் மனைவி. பிள்ளைகளும் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒருநாள் ராணியக்காவே எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். ஐந்து வயது மகள் அவருக்குக் கொண்டுவந்த கிளாசைக் கீழே போட்டுவிட்டு, அவர் யாரென்று தெரியாமல், "நானில்லை, ராணியக்காதான்," என்றாள்.

ராணியக்கா மனைவியின் முகத்தையும் என் முகத்தையும் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது.

"ஓம் பிள்ளை, நான்தான் உடைச்சனான்," என்று சொல்லி, குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் துண்டுகளைக் கூட்டத் தும்புத்தடி எடுக்கிற சாட்டில் குசினிக்குள் போனவன், வெகு நேரம் வெளியே வரவில்லை.