ஒரு சொட்டு கசியட்டும்

வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் பேண்ட்டுக்குள் ஒரு காலை நுழைத்துவிட்டு, அடுத்த காலுக்காகச் சுவரில் கையை ஊன்றினார் வெல்டர். உள்ளங்கை நனைந்தது.

திரும்பிப் பார்த்தார். கட்டிலின் தலைமாட்டில், இடுப்பு உயரத்தில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஈரம். போட்ட காலோடும் போடாத காலோடும் நொண்டிக்கொண்டே போய்ச் சுவரின் மறுபக்கத்தைப் பார்த்தார். மறுபக்கம் குளியலறை. அங்கே எல்லாம் எப்போதும்போல் இருந்தது. அதாவது, மோசமாக இருந்தது.

அந்த வீட்டை அவரே கட்டினார். பட்டறை வேலை முடிந்த சாயங்காலங்களிலும் விடுமுறை நாள்களிலும் கல் சுமந்து, கலவை குழைத்து, கையில் தோல் உரிய உரியக் கட்டியது. கூரைக்குக் கான்கிரீட் போட்ட ஒரு நாள் தவிர வேறு ஆள் கை அதில் படவில்லை, படவும் விடமாட்டார். அவர் தொழில் இரும்புத் தண்ணீர்த் தொட்டி செய்வது. எத்தனையோ மாடிகளில் அவர் ஒட்டின தொட்டிகள் நிற்கின்றன. ஒன்றிலும் ஒரு பொட்டு கசிந்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் சிமெண்ட்டையும் இரும்புமாதிரி நினைத்துக் கையை வைத்தார்.

சிமெண்ட் இரும்பு இல்லை. குளியலறையில் அது நன்றாகத் தெரிந்தது. கதவு உள்பக்கமாகத் திறந்தது; உள்ளே போகிறவர் தண்ணீர் டிரம்மோடு ஒட்டி நின்று வயிற்றை எக்கினால்தான் கதவைச் சாத்த முடியும். தரையில் ஊற்றின தண்ணீர் ஒரு மூலையில் இருந்த ஓட்டைக்குப் போகாமல், யாரோ கூப்பிட்டதுபோல் நேரே வாசற்படிக்கு வந்து நிற்கும். அவர் மனைவி தினமும் குளித்து முடித்ததும் துடைப்பத்தை எடுத்து அந்தத் தண்ணீரைத் திருப்பி ஓட்டைக்கு ஓட்டிவிட்டு வருவாள். தள்ளி முடிப்பதற்குள் மறுபடி வேர்த்துவிடுகிறது, குளிக்காமலே இருந்திருக்கலாம் என்பாள்.

தரை போட்ட அன்றே இதை ஒருவர் சொன்னார். அவர் வெல்டரின் மாமனார். வாழ்நாள் முழுக்கக் கரண்டி பிடித்த கொத்தனார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தரையை ஒரு கண்ணால் பார்த்து, "வாட்டம் தப்பு மாப்பிள்ளை. தண்ணி வெளிய வரும்" என்றார்.

"நான் தொட்டி செய்யறவன் மாமா. தண்ணி எங்க போகும்னு எனக்குத் தெரியாதா?" என்றார் வெல்டர்.

மாமனார் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினார். அது வந்து இரண்டு பேர் காலையும் நனைத்தது. புதுத் தரை அப்படித்தான் இருக்கும், போகப் போகப் பழகிவிடும் என்று வெல்டர் சொல்லிவிட்டார். தண்ணீர் இன்றுவரை பழகவில்லை.

அதற்குப் பிறகு மனைவி குளியலறையைப் பற்றி வாயைத் திறக்கும்போதெல்லாம் அவரிடம் ஒரே பதில்தான். "அதுலேர்ந்து ஒரு சொட்டு கசியட்டும். அன்னிக்கு என் கையாலயே உடைக்கிறேன்."

இப்போது கசிந்திருக்கிறது. அவள் வந்து தொட்டுப் பார்த்தாள்.

"சுவருக்கு வேர்த்திருக்கு" என்றார் அவர்.

"சுவருக்கு வேர்க்குமா?"

"ஆளுக்கு வேர்க்கலையா?"

அவள் போகிற போக்கில், அப்பா ஞாயிற்றுக்கிழமை வருகிறார், சும்மா பார்த்துவிட்டுப் போக வருகிறார், இந்த அறையில்தான் படுப்பார் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனாள்.

வெல்டருக்கு மீதிக் காலைப் பேண்ட்டுக்குள் விடுவதே மறந்துபோயிற்று. அந்த மனுஷன் படுக்கிற கட்டிலுக்குத் தலைமாட்டிலா ஈரம்? மல்லாந்து படுத்தபடியே ஒரு வார்த்தை பேசாமல் அதைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு முன்னால் இவர் எத்தனை தொட்டி செய்திருந்தும் பிரயோசனமில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் சுவர் காய்ந்தாக வேண்டும்.

முதலில் மறைத்துப் பார்த்தார். அந்த அறையில் அவரே செய்த இரும்பு பீரோ இருந்தது. பட்டறையில் மிஞ்சியது என்று தொட்டித் தகட்டிலேயே செய்ததால் அதை அசைக்க நான்கு ஆள் வேண்டும். அவர் இழுக்க, மனைவி தள்ள, அது தரையில் கோடு கிழித்துக்கொண்டு போய் ஈரத்தின் மேல் நின்றது. கோட்டை மறைக்கப் பாய் விரித்தார்கள். மறுநாள் அவர் பட்டறையிலிருந்து வந்து பார்த்தபோது பீரோவுக்கு இரண்டு பக்கமும் ஈரம் எட்டிப் பார்த்தது, காது முளைத்த மாதிரி. பீரோவின் முதுகில் துரு. சிமெண்ட் அழுதால் அவர் பொறுத்துக்கொள்வார். இரும்பு துருப்பிடித்தால் தாங்கமாட்டார். மறுபடி இழுத்தார்கள். தரையில் இரண்டாவது கோடு விழுந்தது. பாய் போதவில்லை.

ஹார்டுவேர் கடைக்குப் போனார். கடைக்காரரிடம், வெளியே சொல்லக் கூடாத நோயைச் சொல்வதுபோல், குரலை இறக்கிச் சொன்னார்.

"சுவர்ல கொஞ்சம் ஈரம்."

"வந்துடுச்சா?" என்றார் கடைக்காரர். கொடவுன் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேறு ஏதாவது வேண்டுமா, பெரிய வேலையா என்று விசாரித்தார். பெரிய வேலை ஒன்றும் இல்லை, ஈரம் தாங்குகிற பெயிண்ட் ஒரு டப்பா போதும், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார் வெல்டர். கடைக்காரர் வாயில் விரலை வைத்துக்காட்டினார்.

பெயிண்ட் அடித்தார். அது ஒரு நாள் பளபளவென்று இருந்தது. மறுநாள் வெந்நீர் கொட்டின தோல்மாதிரி கொப்புளம் கொப்புளமாகப் பொங்கி நின்றது. ஒரு கொப்புளத்தை விரலால் அழுத்தினார். தண்ணீர் அவர் முகத்தில் தெறித்தது.

இனி மூடி மறைப்பதில் அர்த்தமில்லை, உள்ளே பைப்தான் போய்விட்டது என்று முடிவு செய்து, பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு, குளியலறைப் பக்கம் சுவரைக் கொத்தினார். உள்ளே பைப் அப்போதுதான் கடையிலிருந்து வந்து படுத்ததுபோல் காய்ந்து கிடந்தது. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. தொட்டிக்குச் செய்வதுபோல் சோப்பு நுரை கரைத்து ஒவ்வொரு மூட்டிலும் தடவினார். ஓட்டை இருந்தால் நுரை பொங்கும். பொங்கவில்லை.

மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இது இல்லேன்னா வேற எங்கேர்ந்து வரும்?"

"கழிவு பைப் ஒண்ணுதான். ஆனா அது இல்ல. அதுவா இருந்தா சோப்பு வாசனை அடிக்கும். இது பச்சைத் தண்ணி."

"சோப்பு வாசனை அடிச்சா?"

"அடிச்சா செத்தோம். தரையையே பேர்க்கணும்."

சொல்லிக்கொண்டே, கடைசி மூட்டு ஒன்றையும் பார்த்துவிடலாம் என்று உளியை வைத்து ஒரு போடு போட்டார். இத்தனை வருஷமாக ஒரு பொட்டு கசியாத பைப் அந்த நிமிஷம் பிளந்தது. தண்ணீர் எதிர்ச் சுவரில் மோதித் திரும்பி அவர் மேல் விழுந்து, வழக்கம்போல் வாசற்படிக்குக் கிளம்பியது. அவர் ஓடிப்போய்த் தெருவோரத்து வால்வை மூடினார். வீடு முழுக்கத் தண்ணீர் வருவது நின்றது. அன்றிலிருந்து இரண்டு பேரும் எதற்கெடுத்தாலும் வாளியோடு பக்கத்து வீட்டுக்கு நடந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் முதலில் சிரித்தார். பிறகு கதவைத் திறக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, அவர் வாளி ரொப்பிக்கொண்டு திரும்பி வந்தபோது, வால்வு மூடியே இருந்தது. பைப்பில் ஒரு துளி இல்லை. சுவரில் ஈரம் இருந்தது.

மூக்கை வைத்து மோந்தார். சோப்பு வாசனை.

வெல்டர் கட்டிலில் உட்கார்ந்தார். தண்ணீர் வராத வீட்டில் கழிவுத் தண்ணீர் மட்டும் எப்படி வரும் என்று ஒரு கேள்வி அவர் மண்டையில் எட்டிப் பார்த்தது. பழைய தண்ணீர் தரைக்கடியில் குளமாகத் தேங்கியிருக்கும் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை. சம்மட்டியை எடுத்தார்.

மனைவி குறுக்கே வந்து நின்றாள். "வேணாங்க. உங்க கையால போட்ட தரை. அப்பா வந்தா வரட்டும், லேசா ஈரம்னு நான் சொல்லிக்கறேன்."

"லேசா ஈரமா?" அவருக்கு அந்த வார்த்தையே சுட்டது. "உங்கப்பாகிட்டயா? தள்ளு."

அவள் பெருமூச்சு விட்டுத் தள்ளி நின்றாள்.

அன்று பூராவும் உடைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையிலும் உடைத்தார். கல் சுமந்து வளர்ந்த உடம்பு. உடைக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. தூசி வீட்டுக்குள் போகாமலிருக்கக் கதவைச் சாத்திக்கொண்டு உடைத்தார். பேர்த்த கல்லையும் கட்டியையும் பின்னால் தள்ளிக்கொண்டே போனார். குளியலறையில் பின்னால் என்றால் கதவுதான். அது உள்பக்கம் திறக்கிற கதவு என்பது, வெளியே மாமனார் குரல் கேட்டு எழுந்து கைப்பிடியை இழுத்தபோதுதான் ஞாபகம் வந்தது. கதவு அசையவில்லை. இடுப்பளவு இடிபாடு அதை அணைத்துக்கொண்டு கிடந்தது.

வெளியே மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வது கேட்டது.

"மாப்பிள்ளை எங்கம்மா?"

"குளிக்கறாருப்பா."

உள்ளே வெல்டர் ஒரு கல்லைத் தூக்க, அது கை நழுவி விழுந்து வீடே அதிர்ந்தது.

"நல்லாத் தேய்ச்சுக் குளிக்கறாரு" என்றார் மாமனார்.

வேறு வழியில்லாமல் வெல்டர் கீல்களின் ஆணியை உளியால் தட்டிக் கழற்றினார். அந்தக் கதவையும் அவரேதான் செய்தார், இரும்புச் சட்டம். அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இடிபாட்டின் மேல் ஏறி, தலைமுதல் கால்வரை சாம்பல் பூசிய உருவமாக மாமனார் முன்னால் வந்து நின்றார். கதவைக் கீழே வைக்க மனமில்லை. அதற்குப் பின்னால் நிற்பது கொஞ்சம் பாதுகாப்பாக இருந்தது.

மாமனார் எழுந்து வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். மெதுவாக, ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். அன்றைக்கே சொன்னேனே என்கிற வார்த்தை எந்த நிமிஷமும் வரும் என்று வெல்டர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"உடைச்சது நல்லா உடைச்சிருக்கீங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார். பையை அவிழ்த்தார். மாற்றுவேட்டிக்கு அடியில் கரண்டி, நூல்கண்டு, தூக்குக்குண்டு, ரசமட்டம் எல்லாம் துணி சுற்றி இருந்தன.

"சும்மா பாக்க வர இதெல்லாம் எதுக்கு மாமா?"

"பழக்கந்தான். சிலபேரு மூக்குக்கண்ணாடிய மறக்காம எடுத்துக்கறதில்லையா?"

அடுத்து வந்த நாள்களில் வெல்டர் சித்தாளாக இருந்தார். கலவை குழைத்தார், சட்டி தூக்கினார், கேட்ட பக்கம் நூலைப் பிடித்தார். புதுப் பைப் போட்டார்கள். டிரம் இருந்த இடத்தை ஒதுக்கி, அவர் பட்டறையில் கதவை வெட்டி ஒட்டி வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றிக்கொண்டு வந்தார். அது மட்டும் ஒரு மயிரிழை பிசகாமல் பொருந்தியது. மாமனார் அதை நான்கு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "இது வேலை" என்றார். வெல்டர் அன்றைக்கு இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார்.

தரை இறுகியதும் மாமனார் ஒரு குவளைத் தண்ணீரை வாசற்படி ஓரம் ஊற்றினார். அது ஒரு கணம் யோசித்துவிட்டு, நேரே ஓட்டைக்குப் போய் இறங்கியது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

படுக்கையறைச் சுவர், தரையை உடைத்த நாளிலிருந்தே, எலும்பாகக் காய்ந்துவிட்டது. வெல்டருக்குத் தலை நிமிர்ந்தது. கழற்றின கழிவு பைப்பை வெயிலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் ஒரு கீறல்கூட இல்லை என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. "மோந்து பாத்தே கண்டுபிடிச்சேன் பாத்தியா" என்று மட்டும் மனைவியிடம் சொன்னார்.

"உங்க மூக்கு யாருக்கு வரும்" என்றாள் அவள், துடைப்பத்தைக் கொண்டுபோய்ப் பரணில் போட்டபடி.

அதைப் பார்த்ததும் அவருக்கு மனசுக்குள் என்னவோ செய்தது. பாவம், எத்தனை வருஷம் தள்ளியிருக்கிறாள். அவர் சம்மட்டி எடுத்தபோது வேண்டாம் வேண்டாம் என்று குறுக்கே நின்றவளும் அவள்தான். பீரோ தள்ளினாள், வாளி சுமந்தாள், ஒரு குறை சொல்லவில்லை. டைல்ஸ் ஒட்டுவதுதான் பாக்கி. அதை அவளைக் கேட்காமல், அவளுக்குப் பிடித்த இளம்பச்சையில் தானே பார்த்து எடுத்து வந்து அவளை அசத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தார். ஆணி வாங்கப் போவதாகப் பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கடையில் மாதிரி டைல்ஸ் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தது. வெல்டர் ஒவ்வொன்றாகத் தடவி, தட்டி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, கடைசியில் இளம்பச்சை ஒன்றைத் தூக்கிக் காட்டி, இதில்தான் வேண்டும், வீட்டில் தெரியக் கூடாது என்றார்.

கடைக்காரர் அதை அவர் கையிலிருந்து வாங்கி இருந்த இடத்திலேயே வைத்தார். உள்ளே போய், கொடவுனிலிருந்து தூசி படிந்த பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் இறக்கினார். அதே இளம்பச்சை.

"இது உங்களோடதுதாண்ணே. வீட்டம்மா போன மாசமே வந்து எடுத்து வெச்சிட்டுப் போயிட்டாங்க. 'இப்ப வேணாம், சுவர்ல ஈரம் வந்ததும் அவரே வருவாரு, அப்பக் குடுங்க'ன்னாங்க."