மோரிஸ் மைனரை மீட்கும் பாலிசி

இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்ட் நகரில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் வாக்கியம் எழுதிப் பிழைத்தவர் கிளிஃபர்ட் டாப்சன். பாலிசியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சாகுமே, அந்த வாக்கியங்கள்தான். அவற்றுக்குள் நுழைந்த வாடிக்கையாளர் எவரும் காசோடு வெளியே வந்ததில்லை என்பதில் அவருக்கு உள்ளூரப் பெருமை. அப்பேர்ப்பட்டவர் ஓட்டிப்போன காரைத்தான், இன்சூரன்ஸ் இல்லை என்று போலீஸ் பறிமுதல் செய்து தூக்கிக்கொண்டு போய்விட்டது.

காரும் அவருடையதல்ல. மனைவி எனிடுக்கு அவள் அப்பா விட்டுப்போன பச்சை மோரிஸ் மைனர். எனிட் விட்பியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். சனிக்கிழமை ரயில் ஸ்டேஷனுக்குக் கிளிஃபர்ட் அந்தக் காரில் வந்து அழைத்துப்போவதாக ஏற்பாடு. கெடுவுக்குள் மீட்காத வண்டியைப் போலீஸ் யார்டில் நசுக்கிவிடுவார்கள். எனிட் வாரந்தவறாமல் கையால் துடைக்கிற வண்டி அது.

இத்தனைக்கும் இன்சூரன்ஸ் இருந்தது. புதுப்பிக்கும்போது கார் நம்பரில் பூஜ்யம் வரவேண்டிய இடத்தில் 'ஓ' என்ற எழுத்தைத் தட்டிவிட்டார், அவ்வளவுதான். ஆக, உலகத்திலேயே இல்லாத ஒரு காருக்கு முழுப் பாதுகாப்பு இருந்தது. அந்தக் கார் எதிலும் மோதியதில்லை என்பதற்காகச் சலுகையும் கொடுத்திருந்தார்கள்.

சொந்தக் கம்பெனிக்கே, தான் யாரென்று சொல்லாமல், போன் போட்டார். எடுத்த பெண் கெய்லி, யார்க்‌ஷர் வழக்கப்படி எல்லாரையும் கண்ணு என்பவள்.

"இது என்ன கண்ணு, ரெண்டு நிமிஷத்துல மாத்திடலாம். வண்டி இப்ப எங்க இருக்கு?"

"போலீஸ் யார்டுல."

"அப்ப முடியாதே கண்ணு." அவள் வாசித்தாள்: "மேற்படி பாலிசியானது, அரசு அதிகாரத்தின் பிடியிலுள்ள எவ்வாகனத்தையும் விடுவித்தற்பொருட்டு, நேரடியாகவோ மறைமுகமாகவோ, பயன்படத்தக்கதன்று."

கிளிஃபர்ட் கண்ணை மூடிக் கேட்டார். அந்த 'மறைமுகமாகவோ'வுக்குப் பிறகு கமா வேண்டுமா என்று ஒரு மதியம் முழுக்க யோசித்தவர் அவர். கமா நன்றாகவே உட்கார்ந்திருந்தது.

"இந்த வரி எதுக்கும்மா இருக்கு?" என்று கேட்டார்.

"யாருக்குத் தெரியும்? உங்களுக்குத் தெரியுமா?"

யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை. அந்த வருஷம் எல்லாக் கம்பெனியும் இப்படி ஒன்று போட்டிருந்தது. தாங்கள் மட்டும் போடாவிட்டால் மரியாதையாக இருக்காது என்று போட்டது.

பறிமுதலான வண்டியை மீட்க மட்டும் தனிப் பாலிசி விற்கும் கம்பெனி ஒன்று லீட்ஸில் இருந்தது. போன் போட்டதும் அங்கிருந்து குவார்ம்பி என்பவர் குஷியாகப் பேசினார்.

"ராத்திரில வண்டி எங்க நிக்கும்?"

"இப்போதைக்கு போலீஸ் யார்டுல."

"முள்வேலி, கேமரா, நாய் எல்லாம் இருக்கா?"

"இருக்கு."

"பிரமாதம், தள்ளுபடி உண்டு. வெளிய வந்தப்புறம்?"

"எங்க வீட்டு வாசல்ல."

"அடடா," என்றார் குவார்ம்பி, யாரோ தவறிப்போன செய்தி கேட்ட குரலில். தள்ளுபடி போய், பிரீமியம் மும்மடங்கானது.

அந்தப் 'பயன்படத்தக்கதன்று' வாக்கியத்தைத் தங்கள் ஆபீஸ் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பதாகவும், எழுதின மகராசன் புண்ணியத்தில் பதினோரு குடும்பம் சாப்பிடுவதாகவும் குவார்ம்பி சொன்னார். கிளிஃபர்ட் மன்னிப்புக் கேட்டார். எதற்கென்று குவார்ம்பி கேட்கவில்லை. அந்த ஊரில் மன்னிப்புக்குக் காரணம் கேட்கிற பழக்கமில்லை.

சனிக்கிழமை கார் ஸ்டேஷனுக்கு வந்தது. கண்ணாடியில் போலீஸ் ஒட்டிய மஞ்சள் சீட்டு சுரண்டியும் போகவில்லை. எனிட் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவிட்டாள், ஒன்றைத் தவிர.

"இப்படி ஒரு வரியை எழுதினவன் யாரு? உங்க ஆபீஸ்தானே, விசாரி."

"விசாரிக்கிறேன்," என்றார் கிளிஃபர்ட்.

திங்கட்கிழமை அந்த வாக்கியத்தை எடுத்தே தீருவது என்று மேலாளர் ஹில்டா ஸ்ட்ரிங்கரிடம் போய், வெட்கத்தை விட்டு நடந்ததைச் சொன்னார். அந்தம்மாள் உருகிப்போனார். ஜனங்கள் இவ்வளவு அவதிப்படுகிறார்கள் என்றால், இதில் நல்ல வியாபாரம் இருக்கிறதே என்றார். ஆகவே வாக்கியம் இருக்கும். கூடவே மீட்புப் பாலிசி ஒன்றையும் கம்பெனியே விற்கும். எழுத, அனுபவப்பட்டவரான கிளிஃபர்ட்.

மனுஷர் மனசாரத்தான் எழுதினார். வாழ்க்கையில் முதல்முறையாகப் படித்தால் புரிகிற மாதிரி எழுதினார். கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. கை பழக்கத்தில் ஓடியது: 'உரிமை கோரப்படும் தருணத்தில் வாகனம் எவருடைய பிடியிலும் இருத்தலாகாது.' ஐந்து இலாகாக்கள் பாராட்டிக் கையெழுத்திட்டன. அச்சாகி வந்த பிறகுதான் அதன் அர்த்தம் அவருக்கு உறைத்தது: போலீஸ் பிடித்த வண்டியை மீட்க அந்த மீட்புப் பாலிசி உதவாது. அதற்குள் ஆயிரக்கணக்கில் விற்றுவிட்டிருந்தது. வாங்கியவர்கள் எல்லாரும் படித்துப் புரிந்துகொண்டதாக டிக் போட்டிருந்தார்கள்.

அன்று மாலை, கம்பெனியில் சொல்லிவிடலாமா என்று யோசித்தபடியே வீட்டுக்கு வந்தார். எனிட் டீ கொடுத்தாள்.

"அப்பா வண்டிக்கு இனிமே ஒண்ணும் ஆகாது. நீ எழுதின பாலிசியே வாங்கிட்டேன்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "பின்பக்கம் படிச்சியா?"

"டிக் போட்டேன்," என்றாள் எனிட். "நீ எழுதினதைப் படிச்சுப் பாத்துத்தான் நம்பணுமா?"